மூன்றாவது கம்பி

என் படங்களுக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது அந்தக் கோடுகளைப் பற்றித்தான். மேலிருந்து கீழாக ஏழு கோடுகள். மூன்றாவது மட்டும் நடுவில் கொஞ்சம் இடப்பக்கமாக வளைந்திருக்கும். பெரிய படமோ சின்னப் படமோ, எங்காவது ஓரிடத்தில் அவை இருக்கும். சிறை என்பார்கள். வேலி என்பார்கள். ஒருமுறை கொழும்பில் ஒரு பேராசிரியர் அரை மணித்தியாலம் நின்று, ஏழு என்ற எண்ணுக்கு உலகத்தில் என்னென்ன அர்த்தம் உண்டோ அத்தனையையும் எனக்கே சொல்லித் தந்துவிட்டுப் போனார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறுமை குறைவு; தலையாட்டினால் ஆட்கள் சீக்கிரம் போய்விடுவார்கள்.

அழைப்பிதழ்களில் என்னை நவீன ஓவியர் என்று போடுகிறார்கள். போடட்டும். நான் திருகோணமலையில் ஒரு நில அளவைக் கந்தோரில் பதினெட்டு வருடம் படவரைஞராக இருந்தவள். காணி எல்லை, வாய்க்கால், வண்டிப்பாதை, கிணறு என்று உள்ளதை உள்ளபடி கீறிக் கொடுப்பது என் தொழில். ஒரு கிணற்றை ஒரு நூல் தள்ளிப் போட்டாலும் இரண்டு குடும்பம் வெட்டுக்குத்துக்குப் போய்விடும் என்று எங்கள் தலைமைப் படவரைஞர் சொல்லுவார். அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. தாளின் வலப்பக்க மேல்மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இல்லாவிட்டால், படம் எவ்வளவு திறமாக இருந்தாலும் ஒரு சொல் பேசாமல் மேசையில் திருப்பிப் போட்டுவிடுவார். இரண்டே வருடத்தில் அந்த அம்பு என் விரலில் ஊறிவிட்டது. சாமான் பட்டியல் எழுதினாலும் மூலையில் ஓர் அம்பு வந்து நிற்கும்.

வீட்டில் கீறியவை வேறு. அவை என் சந்தோசத்துக்கு. அதிலும் எனக்கு ஒரேயொரு இடம்தான் இருந்தது.

கலியாணம் கட்டிய புதிதில் நாங்கள் சீனன்குடாவில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். இறங்குதுறையைத் தாண்டி ஒரு சின்ன மேட்டில் அந்த வீடு. அவர், என் கணவர், துறைமுகப் பண்டகசாலையில் இலிகிதர், கணக்கு எழுதுவது வேலை. நடந்தே வேலைக்குப் போய்விடுவார். நான் பஸ்ஸில் பட்டணத்துக்கு வருவேன். வீட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஓடு ஒழுகும், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. ஆனால் குசினி ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் முழுவதும் முன்னால் கிடக்கும். காலையில் கரையோரத் தண்ணீர் கரும்பச்சை, அதற்கு அப்பால் வெளிறிய பச்சை, அதற்கும் அப்பால் மலையின் நிழல் விழுந்த இடத்தில் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒன்று. மத்தியானம் கச்சான் காற்று எழும்பினால் எல்லாம் கலைந்து சாம்பல் நிறமாகிவிடும். இடப்பக்கம் ஒரு புளியமரம் இறங்குதுறையின் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். எத்தனை சட்டி கருகியது என்று எனக்குக் கணக்கில்லை. சொதி திரைந்து போனால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். "இண்டைக்கும் கடல் வடிவாயிருந்ததோ?" என்று மட்டும் கேட்பார்.

என் படங்களைப் பற்றியும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். எதைக் காட்டினாலும் "வடிவாயிருக்கு" என்பார். மேலோட்டமாக ஒரு பார்வை, வடிவாயிருக்கு, பிறகு பேப்பரை விரித்துவிடுவார். ஒருநாள் கோபத்தில் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். அதற்கும் வடிவாயிருக்கு என்றார். மனிதர் என் படத்தைப் பார்க்கிறதே இல்லை என்று நான் அன்றைக்கு முடிவுகட்டிவிட்டேன்.

சண்டை தொடங்கிய பிறகு சீனன்குடாவில் இராணுவம் தடைசெய்த எல்லை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. முதலில் கரையில் இறங்கக் கூடாது என்றார்கள். பிறகு மேட்டில் ஆட்கள் கூடக் கூடாது என்றார்கள். கடைசியில் வேலியே எங்கள் வளவைத் தாண்டிப் போனது. இரண்டு கிழமைக்குள், பதினாலு நாளில், வீட்டைவிட்டு எழும்பச் சொன்னார்கள். அலுமாரியையும் நாலு கதிரையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றுக்கு வந்தோம். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள் என்று சில மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டோம். புளியமரமும் போயிற்றாம்.

பாலையூற்று வீடு நல்ல வீடு. ஓடு ஒழுகாது, தண்ணீர் இனிப்பு. குசினி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பூசாத சுவர். நான் அதைப் பார்த்தபடி காய் வெட்டுவேன். கறி ஒருநாளும் கருகவில்லை; எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப் பார்த்தது. ஒரு கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாது. முன் கேற்றுக்குப் போவேன், வருவேன், தூரிகையைக் கழுவுவேன், கழுவியதைத் திரும்பவும் கழுவுவேன். கந்தோரில் பேனையை வைத்துவிட்டு எழும்பி எழும்பி நடக்கிறேன் என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள்.

அப்போதுதான் சனிக்கிழமைச் சாப்பாட்டைக் கண்டுபிடித்தேன். எனக்குச் சனி விடுமுறை. அவருக்கு வேலை. மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி சீனன்குடாவுக்குப் போய், பண்டகசாலை வாசலில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன்.

"ஏன் இந்த வெயிலுக்க வாறீர்? இஞ்ச கன்ரீன் இருக்குத்தானே," என்றார் முதல் நாள்.

"கன்ரீன் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது," என்றேன்.

"பத்து வருசமா ஒத்துக்கொண்டதுதான்," என்றார். ஆனால் பார்சலை வாங்கிக்கொண்டார்.

போகிற வழியில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே பஸ் வெறுமையாகத்தான் போகவேண்டும். நாங்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறவேண்டும். மற்றவர்களுக்கு அது கரைச்சல். எனக்கு அந்த நடைக்காகத்தான் முழுப் பயணமும். ஏனென்றால் அந்தத் துண்டு வீதியிலிருந்து குடா தெரியும். என் நடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. நிற்கக் கூடாது, கை காட்டக் கூடாது, அதிகம் திரும்பிப் பார்க்கவும் கூடாது. நடந்துகொண்டே பார்க்கலாம்.

ஆகவே நான் கந்தோர்ப் புத்தியைப் பாவித்தேன். ஒரு சனிக்கு ஒரு பொருள். ஒருநாள் மலையின் விளிம்பை மட்டும் பார்ப்பேன். எத்தனையாவது அடியில் அது தண்ணீரைத் தொடுகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வேன். அடுத்த சனி கரைக் கல்லின் நிறம். அதற்கடுத்தது இறங்குதுறைத் தூண்களின் ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது என்பது. வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றாமலே அதைத் தாளில் வைத்துவிடுவேன். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. மழை நாட்களிலும் போனேன். இரண்டு தரம் சாவடியை மூடிவிட்டார்கள் என்று பாதி வழியில் திரும்பி வந்து, சாப்பாட்டை நானே அழுதபடி சாப்பிட்டேன்.

அந்த நீர்வர்ணப் படம் முடிந்தபோது, என் ஆயுளில் நான் செய்த ஒரே உண்மையான வேலை அதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வீதியிலிருந்து தெரியும் எண்ணெய்க் குதங்களை, அந்தப் பெரிய தாங்கிகளை, நான் வைக்கவில்லை. அவை இராணுவச் சங்கதி, வீண் வம்பு என்று புத்திசாலித்தனமாக விட்டுவிட்டேன். அவ்வளவு யோசித்த நான், கடைசியில் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, மைப் பேனையை எடுத்து, வலப்பக்க மேல்மூலையில் மெல்லியதாக ஓர் அம்பு போட்டேன். போட்டது எனக்கே தெரியாது. கை போட்டது.

கொழும்பில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்குப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். குறித்த நாளுக்குள் கொண்டுவந்து தரவேண்டும் என்று கடிதம். எனக்குக் கந்தோரில் லீவு தரவில்லை. அவரைப் போகச் சொன்னேன்.

"இப்ப வேண்டாம். ரோட்டு நிலைமை சரியில்லை," என்றார்.

"உங்கட வேலைக்கெண்டால் போவீங்கள். என்ர படமெண்டால் ரோட்டுச் சரியில்லை."

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"நீங்கள் ஒருநாளாவது அந்தப் படத்தைப் பார்த்தனீங்களோ? சொல்லுங்கோ, அதில என்ன இருக்கு?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். அடுத்த நாள் விடிய, படத்தை இரண்டு காட்போட்டுக்கு நடுவில் வைத்து என் பழைய சேலையால் சுற்றி, கொழும்பு பஸ்ஸில் ஏறிப் போனார். அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பியது நான்தான். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

பத்து மணிக்குக் கந்தோர் வாசலில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கிண்ணியாக்காரர், பட்டணத்தில் நாங்கள் துணி எடுக்கும் புடைவைக் கடையை வைத்திருந்தவர். அவரும் அதே பஸ்ஸில் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் புறப்பட்டவர். வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"தங்கச்சி, பயப்புடாதீங்க. ஒங்கட மாப்புளைய ரெண்டாவது செக்பொயின்ற்ல எறக்கிட்டாங்க. அந்தப் படத்த விரிச்சுப் பாத்தாங்க. மூலையில ஏதோ அம்பு கெடக்காம். மேப் எண்டு சொல்லிக் காம்புக்குள்ள கூட்டிப் போயிட்டாங்க."

"நீங்கள் கொழும்புக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கேள்வி அதுதான்.

"சாமான் நாளைக்கும் எடுக்கலாம். எதிர்ல வந்த லொறியில ஏறி வந்துட்டன்," என்றார்.

அதுவரை அந்தப் படத்தில் அம்பு இருப்பது எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன உடனே என் கை செய்த வேலை கண்முன் வந்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து எட்டு நாள் நான் அந்த முகாமின் வாசலுக்குப் போனேன். காலையில் போய், பின்னேரம் கடைசி பஸ்ஸுக்குத் திரும்புவேன். உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டை வாங்குவார்கள், அது அவருக்குப் போனதா என்று யாருக்குத் தெரியும்? வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் கீழ் இருக்கச் சொன்னார்கள். என்னால் இருக்க முடியவில்லை. மரத்திலிருந்து வீதி மதகு வரை முப்பத்தொரு அடி. போய் வந்து, போய் வந்து, ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். காவலுக்கு நின்ற பொடியனொருவன் எனக்குத் தலை சுற்றும் என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து தந்தான். நடந்துகொண்டே குடித்தேன்.

அந்த எட்டு நாளும் நான் மனத்தில் ஒரு பேச்சைத் தயார்செய்துகொண்டிருந்தேன். படத்தைக் கீறியது நான். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் படவரைஞர், அம்பு என் தொழில் பழக்கம். எல்லாம் உண்மை. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று, இவ்வளவு காலம் அந்த ஊரில் இருந்தும், நான் நம்பினேன்.

ஒன்பதாம் நாள் காலை உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு தகரக் கூரைக் கட்டடம். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. நடுத்தர வயது, களைத்த முகம், சிங்களம் கலந்து ஓரளவு தமிழ் பேசினார். மேசையில் என் படம் விரிந்து கிடந்தது. அதன் மேல் பேப்பர் பறக்காமலிருக்க ஒரு தேநீர்க் கோப்பை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகுதான் சுவரோரம் மர வாங்கில் இருந்த அவரைக் கண்டேன். தாடி வளர்ந்திருந்தது. வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, மிக மெல்லத் தலையை இல்லை என்பதுபோல் அசைத்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

"நோனா, இது எந்த இடம்?" என்று அதிகாரி கேட்டார்.

"சீனன்குடா," என்றேன். "வீதியில இருந்து பார்த்துக் கீறினது. ஒவ்வொரு சனியும் நடக்கேக்க அடி எண்ணிப் பார்த்துக் கீறினனான். இதில ஒரு கல்லுக்கூட நான் இல்லாததைப் போடேல்லை."

அந்தக் கடைசி வசனத்தை நான் பெருமையோடு சொன்னேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒங்கட மகாத்தயா ஒம்பது நாளா வேற கதை சொல்றார்," என்றார் அதிகாரி. "இப்பிடி ஒரு இடம் இல்லை, என்ர மனிசி மனசுக்குள்ள நினைச்சுக் கீறினது எண்டு சொல்றார். நான் யாரை நம்புறது?"

ஒன்பது நாள் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றை நான் ஒரு மூச்சில் அறுத்துவிட்டேன். அதுவும் சும்மா அறுக்கவில்லை. அடி எண்ணினேன் என்று சாட்சியும் வைத்து அறுத்தேன்.

அதிகாரி எழும்பிப் படத்தைச் சுருட்டினார். "சரி, வாங்க. போய்ப் பாப்பம்," என்றார்.

ஜீப்பில் என்னை முன்னால் ஏற்றினார். அவரை முகாமிலேயே விட்டுவிட்டுப் போனோம். நான் சனிக்கிழமைகளில் நடக்கும் அதே துண்டு வீதியில் ஜீப் நின்றது. முதல் தடவையாக அந்த இடத்தில் என்னை நிற்க விட்டார்கள். முதல் தடவையாகப் படத்தை அங்கே விரித்துப் பிடித்தேன். ஒருபக்கம் நான், மறுபக்கம் அதிகாரி.

பொருந்தவில்லை.

மலை இருந்தது, தண்ணீரின் நிறம் இருந்தது, கல்லும் இருந்தது. ஆனால் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. என் படத்தில் இறங்குதுறை பக்கத்தில், தூண்களை எண்ணலாம். கண்முன்னால் அது தூரத்தில் ஒரு கீறல். என் படத்தில் மலை வலப்பக்கமாக இறங்கியது. இங்கே அது இடப்பக்கத்தில் நின்றது. இடப்பக்கம் நான் ஒரு புளியமரம் வேறு வைத்திருந்தேன். அங்கே மரம் எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கொஞ்சம் பின்னால போய்ப் பாப்பம்," என்றேன். பின்னால் போனோம். "இல்லை, அந்த வளைவில இருந்து சரிவரும்," என்றேன். வளைவுக்குப் போனோம். அதிகாரி படத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நான் இழுத்த பக்கமெல்லாம் வந்தார். என் கணவரை முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்கள், படம் சரி என்று காட்டினால் அவருக்குத்தான் கேடு. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சரியான இடத்தைத் தேடி அலைந்தேன். அத்தனை வருடத் தொழில். என் படம் பிழை என்று ஒருவர் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாவது இடத்தில் அதிகாரிக்குப் பொறுமை போயிற்று. தாளை ஜீப்பின் மூக்கில் விரித்து, சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"வடக்கு அங்க," என்று ஒரு பக்கம் கையை நீட்டினார். பிறகு என் அம்பைத் தொட்டார். "நோனாட வடக்கு இங்க." சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அலுத்துப்போன சிரிப்பு. "குதம் எங்க? அவ்வளவு பெரிய குதம் ஒண்டுகூடக் காணேல்லை. மகாத்தயா சொன்னது சரி. இப்பிடி ஒரு இடம் இல்லை."

பையிலிருந்து போல்பொயின்ற் பேனையை எடுத்து, என் அம்பின் மேல் பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு இழுத்தார். பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். அன்று பின்னேரமே என் கணவரை விட்டுவிட்டார்கள்.

சந்தோசப்பட வேண்டிய நாள். பட்டேன்தான். அவர் கேற்றைத் தாண்டி வந்தபோது அழுதேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் சட்டை நுனியைப் பிடித்தபடியே வந்தேன். ஆனால் உள்ளுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தது பிழை. என் கண் பிழை. அடி எண்ணியது பிழை. அந்த மனிதர் போல்பொயின்றால் அடித்தது சரி. கணவர் உயிரோடு திரும்பி வந்த நாளில் இப்படியொரு கவலை ஒருத்திக்கு வருமா என்று என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

வீட்டில் அவர் அதிகம் கதைக்கவில்லை. அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இரண்டு கிழமை கரண்டியால் சாப்பிட்டார். நானும் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதை அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டேன். இனி எதையும் கீறுவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குள் நடந்தேன். வாசலிலிருந்து குசினி வரை பதினான்கு அடி.

ஒரு ஞாயிறு காலை நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றபோது, அவர் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும் அந்த ஜன்னலில் அதைச் சாத்தி வைத்தார்.

"நீர் ஏன் இதை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

"அது பிழையான படம்," என்றேன். "நானும் போய்ப் பார்த்தனான். ஒண்டும் சரிவரேல்லை. நீங்கள் சொன்னதுதான் சரி, அப்பிடி ஒரு இடம் இல்லை."

"ஓம், இல்லைத்தான்," என்றார். "இடிச்சுப்போட்டாங்களே."

நான் வெங்காயத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நீர் ரோட்டில நிண்டு பார்த்தால் எப்பிடிச் சரிவரும்? இது ரோட்டில இருந்து கீறின படமே? இது எங்கட குசினி." அவர் இடக்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இந்தா புளியமரம். இறங்குதுறையில பாதியை மறைக்குது. மலை வலப்பக்கத்தால இறங்குது. குதம் வீட்டுக்குப் பின்பக்கம். குசினியில நிண்டால் ஒருநாளும் தெரிஞ்சதில்லை. உம்மட அம்பும் சரி. அந்த ஜன்னலுக்கு வடக்கு அந்தப் பக்கம்தான்."

நான் படத்தைப் பார்த்தேன். நிறத்தையும் கல்லையும் ஈரத்தையும் வீதியிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் கொண்டுவந்து வைத்ததெல்லாம் அந்த ஜன்னலுக்குள். எட்டு மாதத்தில் ஒருநாளும் எனக்கு அது தெரியவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீர் கீறி முடிச்ச அண்டைக்கே."

"பிறகேன் சொல்லேல்லை?"

"வடிவாயிருக்கெண்டு சொன்னனான்தானே." தாளின் விளிம்பைத் தடவினார். "அங்க ஒவ்வொரு நாளும் அதை விரிச்சு வைச்சு, இது எந்த இடம், இது எந்த இடம் எண்டு கேட்டவங்கள். நான் இல்லாத இடமெண்டு சொல்லிச் சொல்லி, அதையே பார்த்துக்கொண்டு இருந்தனான். ஒன்பது நாளும் நான் அந்த வீட்டிலதான் இருந்தனான்."

எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தைச் சாட்டலாம், சாட்டவில்லை. அவருக்கு முன்னால் நின்று அழுதேன். இந்த மனிதர் என் படத்தைப் பார்க்கிறதில்லை என்று எத்தனை வருடம் குறை சொன்னேன்!

அழுது முடிந்ததும், ஓடிப்போய் வர்ணப் பெட்டியை எடுத்து வந்தேன். அந்தப் படத்தில் ஒன்று குறைந்தது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எவ்வளவு யோசித்தும் எண்ணிக்கை வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே உள்ளதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"அந்த ஜன்னலுக்கு எத்தனை கம்பி?" என்று கேட்டேன்.

"ஏழு," என்றார். யோசிக்கவே இல்லை. "மூண்டாவது வளைஞ்சது. நீர் வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொண்டு கந்தோருக்குப் போன அண்டைக்கு, கையை விட்டுக் குசினிக் கதவுக் கொண்டியைத் திறக்க நான்தான் வளைச்சனான்."

"எந்தப் பக்கம் வளைஞ்சது?"

"இடப்பக்கம். கொஞ்சம்தான்."

ஈரத் தூரிகையால் தண்ணீரின் மேலாக, மலையின் மேலாக, அந்தப் போல்பொயின்ற் அடிப்பின் பக்கத்தாலும் ஏழு கோடுகளை இழுத்தேன். மூன்றாவதை வளைத்தேன். அவர் பின்னால் நின்று கடைசிக் கோடு காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவாயிருக்கு," என்றார்.